சேதி தெரியாத வரைக்கும்

அத்தியாயம் பதினொன்று

முக்தியார் என்றால் என்ன என்று கேட்டு இந்த வாரம் மட்டும் ஏழு வாசகிகள் கடிதம் போட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர், "வசந்தாமணியை முக்தியார் ஆக்கிவிட்டுப் போனது பாசத்தாலா, வேலை வாங்குவதற்கா?" என்று கேட்டு அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தார்.

இரண்டாவது கேள்விக்கு எனக்கே விடை தெரியாது. முதல் கேள்விக்குத் தெரியும். நான் ஊரில் இல்லாதபோது என் சார்பில் இன்னார் கையெழுத்துப் போடலாம் என்று ஒருவர் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தால், அந்த இன்னார் அவருக்கு முக்தியார். 1938-இல் மறுபடியும் ரங்கூனுக்குக் கப்பலேறும் முன் சென்னிமலை தன் மனைவி வசந்தாமணிக்கு அப்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அண்ணன் சென்னிமலை ரங்கூனில் கைலி விற்றான். தம்பி வெள்ளியங்கிரி சேலத்தில் நூல் வாங்கினான். எடப்பாடியில் அந்த நூலைத் தறிக்காரர்களுக்குக் கொடுத்து, நெய்த கைலியைத் திருப்பி வாங்கியதெல்லாம் வசந்தாமணி. அண்ணன் தம்பி பெயரில் கூட்டுக் கடை. 1932-இல் எழுதிய ஒப்பந்தம், அதாவது கரார், பத்து வருஷக் கெடு. அந்தக் கெடு இந்த ஆனி மாதத்தோடு முடிகிறது. புதுக் கராரைக் கண்ணால் பார்க்காமல் ஒரு பேல் நூல்கூடத் தரமாட்டேன் என்று மில் ஏஜெண்டு சொல்லிவிட்டான்.

பழைய கராரில் ஒன்பதாவது ஷரத்து ஒன்று இருந்தது. பாகஸ்தர்களில் ஒருவர் இறந்துபோனால் கூட்டு கலைந்துவிடும். கடையும் சரக்கு வைக்கிற கிட்டங்கியும் கடைப் பெயரும் உயிரோடிருப்பவருக்கு. செத்தவர் மனைவிக்கு அவர் போட்ட முதல் மட்டும். அதாவது சென்னிமலைக்கு ஒன்று ஆகிவிட்டால், வசந்தாமணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டையாம்பட்டியில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய் அங்கே ஒரு மூலையில் சோறு தின்ன வேண்டியதுதான்.

அந்த ஷரத்தை எடுத்துவிட்டு, புருஷன் இடத்தில் மனைவி பாகஸ்தராக வரலாம் என்று எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று அவள் பிடித்த பிடியும், அதற்காக இரண்டு வாரம் நடந்த சண்டையும், போன வாரம் வெள்ளியங்கிரி, "செரி, எழுதிக்கலாமுங்க" என்று இறங்கி வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

கையெழுத்து நாள் வந்துவிட்டது.

காலை ஏழு மணி. எட்டு மணி பஸ்ஸுக்கு வசந்தாமணி தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்கும் கொழுந்தன் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவன் மனைவி காளியாத்தாள் அம்மியில் அரைப்பது கேட்கும், பிள்ளைகள் அடித்துக்கொள்வது கேட்கும். இந்தப் பக்கம் ஒரு சத்தமும் கிடையாது. ஒரு ஆளுக்குச் சமைக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? சண்டை வந்த நாளிலிருந்து காளியாத்தாளும் பேச்சை நிறுத்திவிட்டாள். தறிக்காரர்கள் வராத நாட்களில் வசந்தாமணி வாயைத் திறந்து ஒரு வார்த்தைகூடப் பேசாமல் படுத்துக்கொண்டதுண்டு.

பின்பக்கக் கதவை யாரோ தட்டினார்கள். நூல் வாங்க வந்தவராக இருக்கும் என்று திறந்தாள்.

எலும்பும் தோலுமாக ஒருவன் நின்றான். முகம் முழுக்கத் தாடி. வலது காலில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது. கண்ணை வைத்துத்தான் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. மயில்சாமி. ரங்கூன் கடையில் வேலைக்கென்று சென்னிமலையோடு அதே கப்பலில் போனவன்.

போனது இரண்டு பேர். அவனுக்குப் பின்னால் சந்தில் வேறு யாரும் வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

"அக்கா..." என்றான் மயில்சாமி. மடியைத் தடவி ஒரு சின்ன முடிச்சை எடுத்தான். நீலக் கட்டம் போட்ட கைலித் துணி. அவர்கள் கடைக் கைலிதான். கைக்குள் அடங்குகிற முடிச்சு.

ஒரு ஆண்பிள்ளையின் உடம்பிலிருந்து கடைசி வரைக்கும் கழற்றாத பொருள் எது என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும். முடிச்சுக்குள் இருப்பது எதுவென்று வசந்தாமணிக்குப் புரிந்துவிட்டது. இல்லை, புரிந்தது என்று நான் எழுதக்கூடாது. சட்டப்படி அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

பத்து நாளைக்கு முன்னால் சேலத்தில் வக்கீல் கைலாசம் தெளிவாகச் சொல்லியிருந்தார். "முக்தியார் என்பது அவர் உயிரோடு இருக்கிற வரைக்கும்தான் அம்மா. ஒருவேளை, ஒரு பேச்சுக்குத்தான் சொல்கிறேன், அவருக்கு ஏதாவது ஆகியிருந்தாலும், அந்தச் சேதி உங்களுக்கும் தெரியாமல், எதிரில் கையெழுத்துப் போடுகிறவருக்கும் தெரியாமல் இருக்கிற வரைக்கும் நீங்கள் செய்தது செல்லும். யாராவது ஒருவருக்குத் தெரிந்துவிட்டால், அந்த நிமிஷத்திலிருந்து இந்த முக்தியார்நாமா வெறும் காகிதம்."

அதை அன்றைக்கு அவள் காது கொடுத்துக் கேட்கவில்லை. கெட்ட பேச்சு என்று மனசுக்குள் வக்கீலைத் திட்டினாள். இப்போது ஒவ்வொரு வார்த்தையும் திரும்ப வந்தது.

"பேசாத சாமி," என்றாள்.

"அக்கா, மொதலாளி..."

"பேசாதேங்கிறேனில்ல! அதைய மடியில வெய்யி. எனக்குக் காட்டாத."

மயில்சாமி விழித்தான். ஜப்பான் குண்டுக்குத் தப்பி, பர்மாவிலிருந்து எத்தனை மலை, எத்தனை காடு தாண்டி நடந்து வந்தவன்! வழியெல்லாம் எப்படிச் சொல்வது, எதை முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்திருப்பான். கேட்கவே மாட்டேன் என்பாள் என்று எப்படி நினைத்திருப்பான்?

"நேத்து சங்கிரியில ரயிலு எறங்கினப்ப..." என்று இழுத்தான்.

"அதையும் அப்பறம் சொல்லு. எல்லாத்தையும் அப்பறம் சொல்லு. கம்மங்கூழு இருக்குது, மோரு இருக்குது. குடிச்சுப்போட்டு இங்கயே படுத்துக்க. முன்வாசப் பக்கம் போவாத. ஆரு கூப்புட்டாலும் கொரலு குடுக்காத. நானு சேலம் போயிட்டுப் பொழுதோட வந்தர்றேன். அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியக்கூடாது. தெரிஞ்சுதோ?"

அவன் தலையை ஆட்டினான். உட்கார்ந்து கூழைக் குடித்தான். குனிந்திருந்த முகத்திலிருந்து சொட்டுச் சொட்டாகச் சட்டியில் விழுந்தது. வசந்தாமணி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணாடிக்கு முன் போய் நின்று குங்குமம் வைத்துக்கொண்டாள். கொஞ்சம் கோணலாகிவிட்டது. அழித்துவிட்டு மறுபடி வைக்கப் பயமாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டாள்.

*

பெட்ரோல் தட்டுப்பாடு வந்ததிலிருந்து கரியில் ஓடுகிற பஸ்தான். பின்னால் கட்டிய பெரிய பீப்பாயில் கரியைக் கொட்டி, ஒரு ஆள் காற்றாடியைச் சுற்றிச் சுற்றி, புகை உள்ளே முழுக்க வந்த பிறகுதான் வண்டி நகரும். கொங்கணாபுரம் ஏற்றத்தில் ஆம்பிளைகள் எல்லாரும் இறங்கி நடந்தார்கள்.

வெள்ளியங்கிரியும் இறங்கி நடந்தான். வழக்கமாக அவன் வாய் ஓயாது. நூல் விலை, மில் ஏஜெண்டின் திமிர், தறிக்காரர்களின் சாக்குப்போக்கு என்று சேலம் வரும்வரை புலம்பிக்கொண்டே வருகிற ஆள். இன்றைக்கு வாயே திறக்கவில்லை.

மறுபடி ஏறியபோது ஜன்னல் பக்கம் குனிந்து கேட்டான்.

"சாப்புட்டீங்களா நங்கையா?"

அண்ணன் மனைவியை நங்கையா என்று கூப்பிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். ஆனால் சாப்பிட்டாயா என்று அவன் கேட்டது இந்த நாலு வருஷத்தில் இதுவே முதல் தடவை.

"ஆச்சுங்க," என்று பொய் சொன்னாள். அவன் கண் சிவந்திருந்தது. கரிப்புகை என்று நினைத்துக்கொண்டாள்.

அவனிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு தடவை தோன்றியது. செத்தது அவனுடைய கூடப்பிறந்தவன் அல்லவா? இந்த பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரிலும் அவளுக்குச் சமமாக அழக்கூடிய ஒரே ஆள் அவன்தான். அந்த ஒரே ஆளிடம் மட்டும்தான் சொல்லக்கூடாது. சொன்னால் பழைய ஒன்பதாவது ஷரத்து அங்கேயே, அந்த பஸ்ஸுக்குள்ளேயே உயிர் பெற்றுவிடும். கடை அவனுக்கு, கிட்டங்கி அவனுக்கு, அவளுக்கு ஆட்டையாம்பட்டி மூலை. அவன் நல்லவனாகவே இருக்கட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் காளியாத்தாள் இருக்கிறாளே.

மகுடஞ்சாவடி தாண்டியதும் பக்கத்து இருக்கைப் பெண் கேட்டாள். "ஊட்டுக்காரரு என்ன பண்றாருங்க?"

வசந்தாமணி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ரங்கூன்ல இருக்கறாருங்க," என்றாள்.

"அடி ஆத்தா! அங்க குண்டு போடறாங்களாமே. காயிதம் வருதுங்களா?"

"வருமுங்க."

அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாத ஒருத்தியின் கை. சேலம் எல்லை வரும்வரை வசந்தாமணி அதை விடவில்லை.

*

வக்கீல் கைலாசத்தின் ஆபீசில் முத்திரைத்தாள் தயாராக இருந்தது. சாட்சிக்கு அவருடைய குமாஸ்தாக்கள் இரண்டு பேர்.

கைலாசம் எதையும் சுருக்கமாகச் சொல்லிப் பழகாத மனிதர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "கரார் என்றால் என்ன? இரண்டு பேரும் ஒரே விஷயத்தை, ஒரே அர்த்தத்தில், மனசார ஒத்துக்கொள்வது. மிரட்டல் இருக்கக்கூடாது, ஏமாற்று இருக்கக்கூடாது. புது ஒன்பதாவது ஷரத்துப்படி, பாகஸ்தர் இறந்தால் கூட்டு கலையாது. அவர் மனைவி அவர் இடத்தில் வருவார். இதை இரண்டு பேரும் மனசார ஒத்துக்கொள்கிறீர்களா?"

"ஒத்துக்கறனுங்க," என்றான் வெள்ளியங்கிரி.

"ஒத்துக்கறனுங்க," என்றாள் வசந்தாமணி.

"அப்புறம் ஒரு கேள்வி. கேட்கவேண்டியது என் கடமை, தப்பாக நினைக்கக்கூடாது. சென்னிமலையைப் பற்றி, அவர் இல்லை என்கிற மாதிரி, ஏதாவது சேதி உண்டா?"

வசந்தாமணி வாயைத் திறப்பதற்குள் வெள்ளியங்கிரி முந்திக்கொண்டான்.

"இல்லீங்க. ஒரு சேதியும் இல்லீங்க. எங்கண்ணன் வந்துருவாருங்க."

வசந்தாமணி தலையைக் குனிந்துகொண்டாள். பாவி, அண்ணன் வருவான் என்று இவன் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறான், நான் இவனை ஏமாற்றுகிறேன் என்று நினைத்தாள். எழுந்து வெளியே ஓடிவிடலாமா என்றிருந்தது.

"நீங்கள் அம்மா?"

"எங்கிட்ட ஆரும் எதுவும் சொல்லலீங்க," என்றாள் வசந்தாமணி. அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. சொல்ல விட்டால்தானே!

பேனாவைக் கொடுத்தார்கள். அவள் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இந்த ஒரு வரியை மட்டும் கப்பலேறுவதற்கு முந்தின வாரம் சென்னிமலை உட்கார வைத்து, சிலேட்டில் எழுதி எழுதிப் பழக்கினான். 'சென்னிமலைக்காக அவர் முக்தியார் வசந்தாமணி.' எழுத்து கோணினால் சிரிப்பான். "எம் பேரக் குண்டாவும் உம் பேர ஒல்லியாவும் எழுதறியே, நாயமா இது?" என்பான். கல்யாணம் ஆகிப் பதினாறு வருஷத்தில் அவர்கள் சேர்ந்து இருந்த வருஷங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இரண்டு பேர் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது இந்த வரியில் மட்டும்தான். எத்தனை நூல் ரசீதில், எத்தனை சீட்டில் அதை எழுதியிருக்கிறாள்! ஒவ்வொரு தடவையும், இவர் இருக்கிறார், இவருக்காக நான் எழுதுகிறேன் என்று சொல்வது போல இருக்கும்.

இதுதான் கடைசித் தடவை என்று அவளுக்குத் தெரியும். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, குண்டாகவே எழுதினாள்.

"மணியான கையெழுத்து," என்றார் வக்கீல்.

*

திரும்புகிற பஸ் நிற்கும் இடத்தில் பூக்காரி குண்டுமல்லி வைத்திருந்தாள். வெள்ளியங்கிரி அவளிடம் போய் நின்றதைப் பார்த்து வசந்தாமணி ஆச்சரியப்பட்டாள். காய்கறிக்காரியிடம் கால் அணாவுக்கு அரை மணி நேரம் வாதாடுகிற ஆள், கேட்ட காசைப் பேசாமல் கொடுத்தான். இரண்டு பந்தாக வாங்கினான்.

"ஒண்ணு அவளுக்கு," என்றான். "இது உங்களுக்குங்க நங்கையா. இங்கயே வெச்சுக்குங்க."

"ஊட்டுக்குப் போயி வெச்சுக்கறனுங்க."

"இங்கயே வெச்சுக்குங்க," என்றான் மறுபடி. குரல் ஒரு மாதிரி இருந்தது. "வாடிப் போயிருமுங்க."

கரார் முடிந்த சந்தோஷம் போலிருக்கிறது, நூல் கிடைத்துவிடும் அல்லவா என்று நினைத்துக்கொண்டு தலையில் வைத்துக்கொண்டாள். அவன் ஒரு கணம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். எடப்பாடி வரும் வரைக்கும் திரும்பவே இல்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது வெயில் இன்னும் போகவில்லை. மயில்சாமி காலையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். கதவைச் சாத்திவிட்டு அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லு சாமி."

அவன் முடிச்சை அவிழ்த்தான். வெள்ளி அரைஞாண் கொடி. கொக்கிக்குப் பக்கத்தில் அறுந்து, நூலால் கட்டியிருந்தது. அந்த நூலைக் கட்டியவள் அவள்தான், கப்பலேற அவன் ஊரை விட்டுக் கிளம்பிய அன்றைக்குக் காலையில்.

"மணிப்பூருக்குப் போற பாதையிலீங்க. பங்குனி மாசம். காலராவுங்க அக்கா. ரெண்டே நாளு." மயில்சாமி கையைப் பிசைந்தான். "நாந்தானுங்க மண்ணுப் போட்டேன். அப்பறம் எனக்கும் காயலாவுங்க. அஸ்ஸாம் ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம் கெடந்தனுங்க. அதனாலதான் இத்தனை நாளாப் போச்சுங்க."

பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி. நாலு மாதமாகத் தினமும் குங்குமம் வைத்திருக்கிறாள். வருவார் வருவார் என்று சுவரிடம் பேசியிருக்கிறாள். கொடியைக் கையில் எடுத்தாள். கனமே இல்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள். பகல் முழுக்க அடக்கி வைத்தது எங்கேயோ சிக்கிக்கொண்டு வர மறுத்தது.

"காலையில ஒண்ணு சொல்ல வந்தனுங்க, நீங்க உடலீங்க," என்றான் மயில்சாமி. "சின்ன மொதலாளிக்கு நேத்தே தெரியுமுங்க அக்கா."

"என்ன?"

"சங்கிரி டேசனுக்குச் சாயப் பீப்பா எடுக்க வந்திருந்தாருங்க. என்னையத் தனியாப் பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டாரு. குட்செட்டுக்குப் பின்னால ஒக்காந்து அப்பிடி அழுதாருங்க. அப்பறம் மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு, 'நாளைக்குப் பொழுதோட வரைக்கும் நீ எடப்பாடிப் பக்கம் தலை காட்டப்படாது. எங்க நங்கையா கையெழுத்துப் போடட்டும், இல்லாட்டி அவங்களுக்கு ஒண்ணுமில்லாமப் போயிரும். நானே போயிச் சொல்லிக்கறேன்'னு சத்திரத்துல உட்டுட்டுப் போனாருங்க. எனக்குத்தான் மனசு கேக்கலீங்க. மொத பஸ்ஸுல வந்துட்டேன்."

வசந்தாமணியின் கை தானாகத் தலைக்குப் போனது. பூ இருந்தது. இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று ஏன் சொன்னான் என்று இப்போது விளங்கியது. அவள் தலையில் பூ இருப்பதை அவன் கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொண்டான்.

காலையிலிருந்து ஒரே பஸ்ஸில், ஒரே ஆபீசில், ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து, ஒரே சாவை இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்திருக்கிறார்கள். ஒரே விஷயத்தை, ஒரே அர்த்தத்தில். வக்கீல் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது. இனிமேல் இரண்டு பேரில் யார் வாய் திறந்து எனக்கு முன்னாலேயே தெரியும் என்று சொன்னாலும், அந்தக் கரார் செல்லாது. ஆகவே அவளும் சொல்ல முடியாது, அவனும் சொல்ல முடியாது. சுவருக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன், சாகும்வரை.

"மொதலாளி கடைசியா உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியுட்டாருங்க அக்கா," என்றான் மயில்சாமி. "அதைய நேர்ல சொல்லோணும்னுதான் நானு..."

முன்கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"நங்கையா..." வெள்ளியங்கிரியின் குரல். அதற்குள்ளேயே அது உடைந்திருந்தது. "கதவத் தொறங்க நங்கையா. ஒரு சேதி சொல்லோணும்."

வசந்தாமணி மயில்சாமிக்குப் பின்வாசலைக் காட்டினாள். அவன் நொண்டிக்கொண்டே சந்துக்குள் இறங்கினான். அவன் கொண்டு வந்த வார்த்தையும் அவனோடு போயிற்று.

இனி அவள் கதவைத் திறந்து, இப்போதுதான் கேட்கிறவளைப் போல அழ வேண்டும். அதற்கு நடிக்க வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. காலையிலிருந்து அவள் இன்னும் அழவே இல்லை.

"வாரனுங்க," என்று குரல் கொடுத்துவிட்டு எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். அரைஞாண் கொடி இன்னும் தன் கையில்தான் இருக்கிறது என்பதை, கதவு பாதி திறந்த பிறகுதான் பார்த்தாள்.